உயிரணுவும் கணித உருவும்

உயிருள்ள பொருளைக் கணிதத்தால் அறியலாகுமா என்னும் வினா கற்றோர் நடுவில் நெடுநாளாக நிகழ்ந்து வருவது. ஒரு சாரார், உயிர் என்பது வளர்வது, மாறுவது, நோவது, மடிவது. கணிதமோ மாறாத எண்ணையும் கோட்டையும் பற்றியது. ஆதலின் இவ்விரண்டிற்கும் உறவில்லை என்பர். மற்றொரு சாரார், உலகிலுள்ள யாவும் கணக்கினுள் அடங்குவன. உயிரணுவும் அதற்கு விலக்கன்று. தக்க சூத்திரம் ஒன்று கிடைத்துவிடின் உயிரின் மறைபொருள் முற்றும் வெளிப்படும் என்பர். இவ்விரு சாராரும் உண்மையின் பாதியையே கண்டனர் என்பது நம் கருத்து. உயிரணுவைக் கணித உருவால் அறிதல் கூடும். கூடுவதன்றி, நம் சென்னை நகரிலேயே அது செய்து காட்டப்பட்டும் உள்ளது. ஆயினும் எக்கணித உரு ஏற்கத்தக்கது, எது வெறும் அழகு என்று பிரித்தறிதற்கு ஓர் உரைகல் வேண்டும். அவ்வுரைகல் யாது என்பதையும், அது நம் மாணவர் கையை எட்டாவாறு நம் கல்வி முறை இடையே எழுப்பியுள்ள சுவரையும் பற்றி ஈண்டுச் சில கூறுவாம்.

கணித உரு என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவில் அஞ்ச வேண்டுவதில்லை. ஒரு பொருளின் நிறம், மணம், எடை முதலியவற்றை ஒதுக்கி, அதன் உறுப்புக்கள் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பை மட்டும் எடுத்துக்கொள்வதே கணித உருவாகும். அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு அணித்தாயுள்ள நம் மேனாம்பேட்டில் வாழ்வார் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டா. லேத்துப் பட்டறையில் நிற்கும் தொழிலாளர் ஒருவர் ஒரு வரைபடத்தைத் தம்முன் வைத்துக்கொண்டு இரும்பைக் கடைகின்றார். அத்தாளில் இரும்பு இல்லை, எண்ணெய் இல்லை, ஓசை இல்லை, வட்டமும் கோடும் அளவுமே உள்ளன. ஆயினும் எவ்வளவு கடையலாம், எவ்வளவிற்கு மேற் கடைந்தால் உறுப்புப் பாழாகும் என்பதை அத்தாளே அவருக்கு அறிவிக்கின்றது. அதே வரைபடம் பித்தளைக்கும் பொருந்தும். பொருள் வேறு, உரு ஒன்று. இங்ஙனம் பொருளை விடுத்து உருவைப் பற்றுவதால் அறிவு குறைவதில்லை. ஒரு பொருளிற் கண்டதை மற்றொரு பொருளிலும் காணும் ஆற்றலை அது பெறுகின்றது.

தமிழ் பயில்வார்க்கு அணுக்கமான எடுத்துக்காட்டு ஒன்று கூறுவாம். குற்றெழுத்திற்கு மாத்திரை ஒன்று, நெட்டெழுத்திற்கு இரண்டு. நான்கு மாத்திரை அளவை இவ்விரண்டால் எத்தனை வகையாக நிரப்பலாம்? நான்கு குறில், ஒரு நெடிலும் இரு குறிலும் இடம் மாறி நிற்கும் மூன்று வகை, இரண்டு நெடில், ஆக ஐந்து வகை. மூன்று மாத்திரைக்கு மூன்று வகையும், இரண்டிற்கு இரண்டும், ஒன்றிற்கு ஒன்றுமே உண்டு. ஐந்து மாத்திரையாயின் எட்டு வகை வரும். கடைசியில் நிற்பது குறிலாயின், அதன் முன்னுள்ள பகுதி ஒரு மாத்திரை குறைந்தது; நெடிலாயின் இரண்டு மாத்திரை குறைந்தது. ஆதலின் முன்னிரண்டு எண்களைக் கூட்ட அடுத்த எண் பிறக்கின்றது. யாப்பிலக்கணத்தின் பொருட்டு இம்முறையை எடுத்துரைத்தோருள் ஒருவர் 12ஆம் நூற்றாண்டிற் கூர்ச்சர நாட்டில் வாழ்ந்த ஹேமசந்திரர் என்னும் சமண ஆசிரியர். இத்தாலி நாட்டு பிபனாச்சி தம் நூலை இயற்றிய 1202ஆம் ஆண்டிற்கு இது முற்பட்டது.

இனி இதனை விடுத்து, இழைபோல் நீண்டு வளரும் பாசி ஒன்றினைக் கருதுவோம். அதன் உயிரணுக்கள் இரு வகையின என்று கொள்க. ஒன்று இளையது, மற்றது முதிர்ந்தது. இளையது ஒரு பருவம் கழிந்தால் முதிர்ந்ததாகும். முதிர்ந்தது பிளந்து, ஒரு முதிர்ந்ததும் ஓர் இளையதுமாக இரண்டாகும். இவ்விரண்டே விதிகள். ஓர் இளைய அணுவிலிருந்து தொடங்கினால், அடுத்தடுத்த பருவங்களில் அணுக்களின் தொகை 1, 1, 2, 3, 5, 8 என்று பெருகும். ஒரு பருவத்திலுள்ள அணுக்கள் யாவும் அடுத்த பருவத்திலும் நிற்கின்றன. அவற்றோடு, முதிர்ந்தவை ஈன்ற இளையவை சேர்கின்றன. முதிர்ந்தவற்றின் தொகையோ அதற்கு முந்திய பருவத்தின் முழுத்தொகைக்கு ஒப்பாகும். மாத்திரைக் கணக்கிற் கண்ட அதே உறவு இது. செய்யுளுக்கும் பாசிக்கும் பொருளளவில் யாதொரு தொடர்பும் இல்லை. உருவளவில் இரண்டும் ஒன்றே.

பாசியின் வளர்ச்சியை இவ்வாறு எழுத்துக்களின் இலக்கணமாக எழுதிக் காட்டும் முறையை 1968இல் வெளியிட்டவர், ஹங்கேரி நாட்டிற் பிறந்து பின்னர் ஒல்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய அரிஸ்டிட் லிண்டன்மாயர் என்னும் உயிர்நூலறிஞர். மொழியின் இலக்கணத்திற் சொற்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்படும். உயிரிலோ அணுக்கள் யாவும் ஒரே காலத்தில் மாறுகின்றன. ஆதலின் எல்லா எழுத்தையும் ஒருங்கே மாற்றுக என்று அவர் விதித்தார். இச்சிறு மாற்றத்தினாலே கணிதத்தில் ஒரு புதிய துறை தோன்றிற்று.

அத்துறையின் ஒரு கிளை நம் அண்மையிலேயே தழைத்தது என்பது நம் மாணவருட் பலர் அறியாத செய்தி. தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிற் பணியாற்றிய கிப்ட் சிரோமணியும் கணிதப் பேராசிரியர் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும், நம் பெண்டிர் வாயிலில் நாள்தோறும் இடும் புள்ளிக் கோலத்தின் இலக்கணத்தை ஆராய்ந்து, 1974இல் அதனை அறிஞருலகிற்கு எடுத்துரைத்தனர். சிறு கோலத்திலிருந்து பெருங்கோலம் எவ்விதிகளால் வளர்கின்றது என்பதே அவர்கள் எழுப்பிய வினா. லிண்டன்மாயரின் முறையையும் அக்கல்லூரியினர் ஆழ்ந்து பயின்றனர். பின்னர், டி.என்.ஏ. இழைகள் வெட்டுண்டு ஒட்டுவதை மொழியிலக்கணமாகக் கொள்ளலாம் என்று 1987இல் டாம் ஹெட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் காட்டினார். அதனைத் தொடர்ந்து, பாக்டீரியங்களிற் காணப்படும் வட்ட வடிவான டி.என்.ஏ.வுக்கு அத்தகைய இலக்கணத்தை 1992இல் ராணி சிரோமணியும் அவருடன் உழைத்த கே. ஜி. சுப்பிரமணியன், வி. ராஜ்குமார் தாரே ஆகியோரும் வகுத்தனர். கோலத்தில் தொடங்கிய ஆராய்ச்சி உயிரணுவின் உட்பொருளை எட்டிற்று. வாயிற்படியில் கிடந்த பொருளைக் கணிதக் கண்ணால் நோக்கியதன் பயன் இது.

இவ்விடத்தில் எதிர்வாதி ஒருவர் எழுந்து வினவுவர்: "எழுத்துக்களை மாற்றி மாற்றி எழுதினால் பாசிபோன்ற ஓர் உரு வருகின்றது; வரட்டும். பாசி அவ்விதியைப் பின்பற்றுகின்றது என்பதற்கு அது சான்றாகுமோ? மேகத்தில் யானையைக் காண்பார் போல் நீவிர் உயிரணுவிற் கணிதத்தைக் காண்கின்றீர் அல்லீரோ?" இவ்வினா நேர்மையானது, புறக்கணிக்கத் தக்கதன்று. ஒத்திருத்தல் ஒன்றே உண்மைக்குச் சான்றாகாது. எனவே முன்னர்க் கூறிய உரைகல் இங்கே வேண்டப்படுகின்றது. நம் கருத்தில் அவ்வுரைகல் இதுவே: ஒரு கணித உரு, நிகழக்கூடியவற்றை மட்டும் சொல்லுதல் போதாது, இன்னது நிகழாது என்று விலக்கவும் வேண்டும். அவ்விலக்கு மீறப்படுமாயின் தான் வீழ்வதற்கு அஃது இசைந்து நிற்றல் வேண்டும். எதனையும் விலக்காத உரு, எல்லா வீட்டிற்கும் பொருந்தும் சாவி போன்றது. அதனால் எவ்வீட்டையும் காக்க இயலாது.

இவ்வுரைகல்லில் தேறிய உரு ஒன்றினைப் பாசியினிடமிருந்தே காட்டுவாம். நெல்வயல் நீரில் மிதக்கும் அசோலா என்னும் சிறு பெரணியை நம் உழவர் அறிவர். அதன் இலைக்குள் வாழ்ந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருணவாக்குவது அனபீனா இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிர். இவ்வினத்துள் நீரிற் றனித்து வாழும் இழைகளை நுண்பெருக்கியால் நோக்கினால், நைட்ரஜன் உணவு குறைந்த காலத்தில், ஏறத்தாழப் பத்து அணுக்களுக்கு ஒன்றாகத் தடித்த சுவருடைய அணு ஒன்று தோன்றும். நைட்ரஜனைப் பற்றும் தொழில் அதனுடையது. அது மீண்டும் பிளப்பதில்லை. இவை ஒன்றையொன்று அடுத்து நில்லாமல் இடைவிட்டு நிற்பது ஏன்? எண்ணத் தெரியாத அணுக்களுக்குப் பத்து என்று எண்ணிக் கொடுத்தது யார்?

கணிதம் கூறும் விடை எளியது. தடிப்புற்ற அணு ஒவ்வொன்றும் தன் அயலாரை நோக்கி "நீ மாறாதே" என்று ஒரு தடைச் செய்தியை விடுக்கின்றது. அச்செய்தி தொலைவு செல்லச் செல்லத் தேய்கின்றது. தேய்ந்த இடத்தில் அடுத்தது தோன்றுகின்றது. எண்ணுவார் ஒருவரும் வேண்டா. இரசாயனப் பொருள்கள் பரவுவதாலும் ஒன்றையொன்று தூண்டித் தடுப்பதாலும் தாமே ஒழுங்கு தோன்றக்கூடும் என்று ஆலன் டூரிங் 1952இல் கணிதத்தால் நிறுவிய கருத்தோடு இஃது உறவுடையது. இவ்விதி உண்மையாயின், தடைச் செய்தியை நீக்கியவிடத்து இடைவெளி குலைய வேண்டும். செய்தியை மிகுத்தவிடத்துத் தடித்த அணுவே தோன்றலாகாது. 1998இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இருவர் பேட்-எஸ் என்னும் மரபணுவை இந்நுண்ணுயிரிற் கண்டனர். அதனை நீக்கியபோது தடித்த அணுக்கள் ஒன்றையடுத்து ஒன்றாகத் திரண்டன. மிகுத்தபோது அவை தோன்றவில்லை. கணித உரு தன்னைச் சோதனைக்கு ஒப்புவித்து, தேறி வெளிவந்தது.

இதனினும் பெருமை வாய்ந்த சான்று நம் கிண்டியில் உளது. 1952இல், முப்பது வயதும் நிரம்பாத ஜி. என். இராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தின் பௌதிகத் துறைக்குத் தலைவராக வந்தார். தோலுக்கும் நரம்புத் தசைக்கும் வலிமை தருவது கொலாஜன் என்னும் புரதம். தோல் பதனிடும் தொழிலுக்கு அதுவே அடிப்படை. அதன் உள்ளமைப்பை அறிய அவர் முயன்றார். அடையாற்றில் 1948இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் அருகில் இருந்தது. எக்ஸ் கதிர்ப் படங்களைக் கொண்டு, மூன்று இழைகள் முறுக்குண்ட அமைப்பே கொலாஜன் என்று அவரும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் வெளியிட்டு, 1955இல் அதனைத் திருத்தமும் செய்தனர். அப்போது இங்கிலாந்தின் பிரான்சிஸ் கிரிக்கும் அமெரிக்காவின் அலெக்சாண்டர் ரிச்சும், இவ்வமைப்பில் சில அணுத்துகள்கள் ஒன்றையொன்று அளவிற்கு மீறி நெருங்கி நிற்கின்றன என்று குறை கூறினர்.

குறை கூறப்பட்டார் இரண்டில் ஒன்று செய்வர். சினந்து வாதிடுவர், அன்றேல் சோர்ந்து விலகுவர். இராமச்சந்திரன் மூன்றாவது வழியைக் கண்டார். "அணுத்துகள்கள் எவ்வளவு நெருங்கலாம்? எவ்வளவிற்கு மேல் நெருங்கலாகாது?" என்னும் பொது வினாவை எழுப்பி, அதுவரை அறியப்பட்ட படிகங்களிலிருந்து அவ்வெல்லைகளைத் தொகுத்தார். பின்னர் சி. ராமகிருஷ்ணனும் வி. சசிசேகரனும் துணைநிற்க, புரதங்கள் யாவற்றிற்கும் அவ்வெல்லைகளைப் பொருத்திப் பார்த்தார். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு கீல்கள் உள்ளன எனலாம். ஒவ்வொரு கீலும் எத்தனை பாகை திரும்பியுள்ளது என்று சொல்லிவிட்டால், அக்கண்ணியின் நிலை முழுதும் சொல்லப்பட்டதாகும். இவ்விரு கோணங்களையும் நெட்டிலும் கிடையிலும் குறித்தால், கண்ணியின் நிலை ஒரு சதுரத்தினுள் ஒரு புள்ளியாகும்.

அச்சதுரத்தின் எல்லாப் புள்ளிகளும் ஆகுமோ எனின், ஆகா. பெரும்பகுதியில் அணுத்துகள்கள் ஒன்றோடொன்று மோதும். ஆதலின் அப்பகுதி விலக்கப்பட்டது. எஞ்சிய சில தீவுகளே இயற்கை வாழத்தக்க நிலம். 1963இல் வெளிவந்த இப்படம் இன்று உலகெங்கும் இராமச்சந்திரன் படம் என்றே வழங்குகின்றது. முப்பரிமாண அமைப்பு அறியப்பட்ட புரதங்கள் அந்நாளில் விரல்விட்டு எண்ணத்தக்கனவாயிருந்தன. இந்நாளில் அவை 2,00,000க்கு மேற்பட்டன. அவற்றின் கண்ணிகள் மிகப் பெரும்பாலும் அத்தீவுகளிலேயே வீழ்கின்றன. மிகச் சிறியதாகிய கிளைசின் சற்று உரிமையோடு உலாவுவதும், வளையத்தாற் கட்டுண்ட புரோலின் சற்று ஒடுங்கி நிற்பதும் அதே காரணத்தால் விளங்குவன. ஒருவர் புதிதாக ஒரு புரதத்தின் அமைப்பை வெளியிடின், பல கண்ணிகள் விலக்கப்பட்ட நிலத்தில் வீழுமாயின், முதலில் ஐயுறப்படுவது அவர் செய்த அமைப்பே. இன்னது ஆகாது என்று துணிந்து சொன்ன உருவே இத்துணைக் காலம் நிலைத்தது என்பதை மாணவர் உய்த்துணர்க.

இனி, உரைகல்லில் இன்னும் முற்றத் தேறாத உரு ஒன்றினையும் நடுநிலையோடு கூறுதல் கடமை. பட்டறையில் லேத்து பழுதானால் வேறொருவர் வந்து பழுது பார்க்கின்றார். தேய்ந்த உறுப்பு வேறோரிடத்திலிருந்து வருகின்றது. உயிரணுவில் அவ்வாறன்று. உணவை மாற்றும் நொதிகளும் தேய்கின்றன. அவற்றைப் புதுக்கும் உறுப்புக்களும் தேய்கின்றன. அவ்வுறுப்புக்களைப் புதுப்பதும் அவ்வணுவே. பழுது பார்ப்பாரைப் பழுது பார்ப்பவர் யார் என்று கேட்டுக்கொண்டே போனால், அச்சங்கிலி முடிவின்றி நீளாமல் தன்மேலேயே வளைந்து மூடிக்கொள்ள வேண்டும். இக்கருத்தை 1958 முதல் ராபர்ட் ரோசன் என்னும் அமெரிக்க அறிஞர் மிக நுண்ணிய அருவக் கணிதத்தால் எழுதினார். ஐலன்பர்க்கும் மக்லேனும் 1945இல் தோற்றுவித்த கணிதப் பிரிவு அதற்குக் கருவியாயிற்று. உயிரைப் பற்றிய ஆழ்ந்த வினா இஃது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாசியின் தடைச் செய்திபோலவும், கிண்டிப் படத்தின் விலக்குநிலம் போலவும், ஆய்வுக்கூடத்தில் வைத்துச் சோதிக்கத்தக்க விலக்குக்களை அவ்வுரு பெரிதும் ஈன்றிலது. ஆதலின் அதனை விடையாக அன்று, வினாவாகப் போற்றுதலே முறை. நல்ல வினாவும் அறிவுச்செல்வமே. எனினும் வினாவை விடை என்று விலை கூறுதல் தகாது.

உயிரைக் கணிதத்துள் அடக்குவது அதன் அருமையைக் குறைப்பதாகும் என்று வருந்துவாரும் உளர். அவர்க்கு நாம் கூறுவது இது: யாப்பை அறிந்தவனுக்குச் செய்யுள் கசப்பதில்லை; தளை தட்டாமல் நிற்கும் அருமையை அவனே நன்கு உணர்வான். விலக்கப்பட்ட நிலம் இத்துணைப் பெரிது என்றறிந்த பின்னரே, எஞ்சிய சிறு தீவுகளிலிருந்து குருதியின் சிவப்பும் பட்டின் மென்மையும் தோலின் உறுதியும் பிறக்கும் வியப்பு நமக்கு விளங்குகின்றது. மேலும், கணித உரு உயிரணுவின் முழுமை அன்று. வரைபடம் இரும்பாகாதவாறுபோல, படம் புரதமாகாது. இதனை மறவாதவரைக் கணிதத்தால் உயிர்நூலுக்கு இழப்பொன்றும் இல்லை.

இத்துணையும் கூறியது எதன்பொருட்டெனின், நம் பிள்ளைகளின் பொருட்டு. பத்தாம் வகுப்பைக் கடந்த பிள்ளை, பதினைந்து பதினாறு வயதில், மேனிலைப் பள்ளியில் ஒரு பிரிவைத் தேர்ந்துகொள்ள வேண்டியதாகின்றது. கணிதத்தை அஞ்சுவார்க்கு, கணிதமின்றித் தாவரநூலும் விலங்குநூலும் பயிலும் பிரிவு காத்திருக்கின்றது. உயிர்நூலை வெறுப்பார்க்கு, கணிதமும் கணிப்பொறியும் பயிலும் பிரிவு காத்திருக்கின்றது. இரண்டையும் சேர்த்துப் பயிலும் பிரிவு இல்லாமலில்லை. ஆயினும் "கணக்கு வராதா, உயிரியலுக்குப் போ" என்னும் அறிவுரை நம் வீடுகளில் வழங்காத நாளில்லை. ஒரு சொல்லால் ஒரு வாயில் அடைபடுகின்றது. அடைத்தவர் அதனை அறியார். அடைபட்ட பிள்ளையும் பல்லாண்டு கழிந்தே அறிகின்றது. உயிரணுவின் புரதங்களும் மரபணுக்களும் இந்நாளிற் பெரும்பாலும் எண்களாகவே ஆய்வாளர் முன் வந்து நிற்கின்றன. கணிதத்தை விட்டுவந்த உயிர்நூல் மாணவன், பிறர் கணித்துத் தந்ததை நம்பி ஏற்கும் நிலையனாகின்றான். அது தவறாயின் தவறென்று அறியும் வலி அவனிடம் இல்லை. உயிரணுவைக் கண்ணாற் காணாத கணித மாணவனோ, எதனையும் விலக்காத அழகிய உருக்களை அடுக்கிக்கொண்டு போவான். அவனைத் தடுப்பாரும் இல்லை.

இதற்கு மாற்றாக மூன்று செயல்களை நம் போன்ற கல்லூரிகள் மேற்கொள்ளலாம் என்பது நம் கருத்து. முதலாவது, தாவரநூல், விலங்குநூல் பட்ட வகுப்பினர்க்கு ஒரு பருவமேனும் கணிதம் கற்பித்தல் வேண்டும். அக்கணிதம் உயிரணுவிலிருந்து எடுத்த கணக்குக்களாலேயே அமைதல் வேண்டும். கணித ஆசிரியரும் உயிர்நூல் ஆசிரியரும் ஒரே வகுப்பில் நின்று அதனைக் கற்பித்தல் வேண்டும். இரண்டாவது, கணித மாணவர் ஆண்டில் சில நாளேனும் நுண்பெருக்கியின் முன் அமர்தல் வேண்டும். ஏரிநீரிலோ வயல்நீரிலோ எடுத்த பாசியிழையில், தடித்த அணுக்களின் இடைவெளியைத் தம் கண்ணால் எண்ணிப் பார்த்தல் வேண்டும். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஒரு நுண்பெருக்கியும் ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். மூன்றாவது, இரு துறையினரும் திங்கள்தோறும் கூடும் கழகம் ஒன்று வேண்டும். அங்கே பேசுவார் எவராயினும், தம் கருத்து எதனை விலக்குகின்றது, எது கண்டால் தாம் அதனைக் கைவிடுவர் என்று முடிவில் ஒரு வாக்கியம் கூறியே அமர்தல் வேண்டும் என்பதே அக்கழகத்தின் ஒரே விதி.

தாம்பரத்தார் கோலத்தையும், கிண்டியார் தோலின் புரதத்தையும் தம் பொருளாகக் கொண்டனர். இவை நம்மவர் நாள்தோறும் கண்டும் தொட்டும் வாழ்வன. எனவே கருப்பொருளுக்கு நமக்குக் குறைவில்லை. உயிரணுவை நோக்கும் கண்ணும் கணக்கை நடத்தும் கையும் ஒரே மாணவனிடத்து ஒருங்கே அமைதலே வேண்டுவது. அதற்குத் தடையாய் நிற்கும் சுவர் இயற்கை எழுப்பியதன்று. கால அட்டவணை எழுப்பியது. கால அட்டவணையை மாற்ற வல்லவர் கல்லூரிகளிலேயே உளர். அவர் செவிக்கு இவ்விண்ணப்பம் எட்டுமாயின் நம் முயற்சி பயனுடைத்தாகும்.